சேதியைச் சோதித்துப் படிப்போம்!

(இலஞ்சியில் நடைபெற்ற வாலிபர் படிப்பு வட்டத்தில் கட்சி முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு.)



"எந்தச் சேதியை நம்புவது, எதைத் தள்ளுவது?" என்பதைப் பற்றிப் பேச வேண்டுமென்று இந்தப் படிப்பு வட்டத்துத் தோழர்கள் என்னைக் கேட்டார்கள். நான் பெரிய படிப்பாளியல்ல. எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவன். பத்திரிகைத் தொழிலை எந்தக் கல்லூரியிலும் கற்கவில்லை. ஆனால் இருபது வருஷங்களாகப் பத்திரிகைக் கட்டைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு தென்காசி, செங்கோட்டை, இலஞ்சி என்று தெருத் தெருவாக விற்றிருக்கிறேன். இந்த வட்டாரத்துச் சேதிகளை எழுதி அனுப்பியிருக்கிறேன். தவறாக எழுதி, அதற்காக ஏச்சும் வாங்கியிருக்கிறேன். அந்த ஏச்சைப் பற்றியும் இன்று மறைக்காமல் சொல்லப் போகிறேன்.

பழைய குற்றாலத்தில் நடந்ததும், மதுரைக்குப் போனதும்

நம் கண்ணெதிரே நடந்ததிலிருந்தே தொடங்குவோம். 2024 மே 17ந் தேதி பழைய குற்றாலம் அருவியில் திடீரென்று காட்டாற்று வெள்ளம் வந்தது. குளித்துக் கொண்டிருந்தவர்கள் சிதறி ஓடினார்கள். பதினேழு வயது மாணவன் ஒருவன் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். நடந்தது இவ்வளவுதான். ஒரு தாய் வயிறெரிவதற்கு இதுவே போதும்.

அன்று இரவு என் கைப்பேசிக்கு வந்தவை என்ன? முதல் சேதியில் ஒருவரைக் காணோம் என்றிருந்தது. அடுத்ததில் அது மூன்று பேராயிற்று. ராத்திரி ஒன்பது மணிக்கெல்லாம் பத்துப் பேருக்கு மேல் என்று ஆகிவிட்டது. மதுரையிலிருந்து ஒரு தோழர் பதறிப்போய்ப் போன் செய்தார்: "தோழர், இலஞ்சியே முழுகிப் போச்சாமே!" கணுக்கால்கூட நனையாமல், நம் ஊர் டீக்கடை வாசலில் நின்றுகொண்டுதான் நான் அந்தப் போனைக் கேட்டேன்!

நாம் சிரிக்கிறோம். நமக்கு அது பொய்யென்று எப்படித் தெரிந்தது? நாம் புத்திசாலிகள் என்பதாலா? இல்லை. சைக்கிளை மிதித்தால் போய்ப் பார்த்துவிடலாம்; அருவிக்கரைக் கடைக்காரர் நமக்குப் பழக்கமானவர். மதுரைத் தோழருக்கு அந்த வசதி இல்லை. நாமும் மணிப்பூரைப் பற்றி, காஸாவைப் பற்றிப் படிக்கிறபோது அந்த மதுரைத் தோழரின் நிலைமையில்தான் இருக்கிறோம். அப்போது நம்மைப் பார்த்துச் சிரிக்க யாரோ ஒருவர் அங்கே ஒரு டீக்கடை வாசலில் நின்று கொண்டிருப்பார்.

இதிலிருந்தே ஒரு நல்ல சோதனை கிடைக்கிறது. உங்களுக்கு நேரில் தெரிந்த ஒரு சம்பவத்தை எடுத்துக் கொள்ளுங்கள். உங்கள் தெருவில் நடந்த விபத்தாக இருக்கலாம், நீங்களே கலந்துகொண்ட மறியலாக இருக்கலாம். அதை எந்தப் பத்திரிகை எப்படி எழுதியது, எந்தத் தொலைக்காட்சி எப்படிச் சொன்னது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். பெயரைச் சரியாக எழுதினார்களா? எண்ணிக்கை சரியா? யாரைக் கேட்டு எழுதினார்கள்? தெரிந்த விஷயத்தில் ஒழுங்காக இருந்தவர்களைத் தெரியாத விஷயத்திலும் ஓரளவு நம்பலாம். தெரிந்ததிலேயே கோட்டை விட்டவர்கள் டில்லியைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் எப்படிச் சரியாகச் சொல்வார்கள்?

சார்பு வேறு, பொய் வேறு

அடுத்து, நம் வாலிபர்களிடம் அடிக்கடி கேட்கிற ஒரு பேச்சு: "அந்தப் பத்திரிகை ஒரு பக்கம் சாய்ந்தது, ஆகவே அது எழுதுவதெல்லாம் பொய்." இந்த முடிவு சரியல்ல.

1878ம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். முத்துசாமி அய்யரைச் சென்னை ஹைக்கோர்ட் நீதிபதியாக நியமித்ததை வெள்ளைக்காரர் நடத்திய பத்திரிகைகள் ஆட்சேபித்து எழுதின. பதில் சொல்ல இந்தியர் கையில் ஒரு பத்திரிகை இல்லை. ஜி.சுப்பிரமணிய அய்யர் முதலான ஆறு வாலிபர்கள் ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி, எண்பது பிரதிகள் அச்சிட்டு, 1878 செப்டம்பர் 20ந் தேதி "ஹிந்து" பத்திரிகையைத் துவக்கினார்கள். பிறகு 1882ல் சுப்பிரமணிய அய்யர் தமிழில் "சுதேசமித்திரன்" ஆரம்பித்தார். இந்தப் பத்திரிகைகளுக்குச் சார்பு இருந்ததா? இருந்தது. சார்பு வேண்டுமென்றே பிறந்தவை அவை. அதனால் அவை எழுதியது பொய்யாகி விடுமா?

சார்பு என்பது ஒருவர் எந்த ஜன்னலில் நின்று தெருவைப் பார்க்கிறார் என்பது. ஜன்னல் இல்லாமல் எவரும் பார்க்க முடியாது. பொய் என்பது தெருவில் இல்லாததை இருப்பதாகச் சொல்வது. "நான் இன்ன ஜன்னலில் நிற்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் பார்த்ததைப் பார்த்தபடி சொல்கிறவனை நம்பலாம். அவன் பார்வை எட்டாத மூலைக்கு வேறொருவனைக் கேட்டுக் கொள்ளலாம். "எனக்கு ஜன்னலே கிடையாது, நான் நடுநிலைவாதி" என்று மார்தட்டுகிறவனிடந்தான் அதிக ஜாக்கிரதை வேண்டும்.

அதேபோல, நம் ஜன்னலில் நிற்பவர் சொன்னால் அது உண்மையாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் தவறு. இங்கே இரண்டு உதாரணங்களைச் சேர்த்தே சொல்ல விரும்புகிறேன்.

1924 அக்டோபரில் இங்கிலாந்தில் பொதுத் தேர்தல். வாக்குப் பதிவுக்கு நான்கு நாள் முன்னால் "டெய்லி மெயில்" ஒரு கடிதத்தைப் பிரசுரித்தது. மாஸ்கோவிலிருந்து ஜினோவியேவ் எழுதிய சதிக் கடிதம் என்று அதற்குப் பெயர். தொழிற்கட்சி தேர்தலில் தோற்றது. கடிதம் போலி! 1999ல் பிரிட்டிஷ் அயல்நாட்டு இலாகாவின் சரித்திர ஆசிரியரே ஆராய்ந்து அது போலி என்ற முடிவுக்கு வந்தார். எழுபத்தைந்து வருஷங்களுக்குப் பிறகு! தேர்தல் திரும்பி வருமா?

இதைக் கேட்டதும் கை தட்டத் தோன்றும். அவசரப்படாதீர்கள். 1953 ஜனவரி 13ந் தேதி சோவியத் நாட்டின் "பிராவ்தா" மாஸ்கோவின் பேர்பெற்ற டாக்டர்கள் சிலரைக் கொலைகாரச் சதிகாரர்கள் என்று எழுதியது. அவர்களில் பலர் யூதர்கள். ஸ்டாலின் மறைவுக்குப் பின், ஏப்ரல் 4ந் தேதி, அந்தக் குற்றச்சாட்டுகள் பொய், டாக்டர்கள் நிரபராதிகள் என்று அதே பத்திரிகையில் அறிவிப்பு வந்தது. இடைப்பட்ட நாட்களில் உலகெங்கும் எத்தனை நேர்மையான தோழர்கள் அந்தப் பொய்யை நம்பி, மற்றவரோடு வாதாடியிருப்பார்கள்! "நம் பத்திரிகை சொல்கிறது" என்ற ஒரே காரணந்தான். எதிரியின் பொய்யை மோந்து பிடிப்பது சுலபம். நம் ஆசைக்குத் தகுந்தாற்போல வருகிற பொய்யைப் பிடிப்பதுதான் கஷ்டம்.

செய்தவன் இல்லாத வாக்கியம்

பொய் சொல்லாமலே உண்மையை மறைக்க முடியுமா? முடியும், தோழர்களே. அதற்கு நம் தமிழ் இலக்கணமே துணைக்கு வருகிறது.

1999 ஜூலை 23ந் தேதி மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் கூலிக் கோரிக்கைக்காகத் திருநெல்வேலி கலெக்டர் ஆபீசை நோக்கி ஊர்வலம் சென்றது. போலீஸ் தடியடி நடத்தியது. ஜனங்கள் தாமிரபரணியில் இறங்கி ஓடினார்கள். ஒரு பச்சைக் குழந்தை உட்பட 17 பேர் மாண்டார்கள். இங்கே உட்கார்ந்திருக்கும் பெரியவர்களில் பலருக்கு அந்த நாள் நினைவிருக்கும்.

இதை எழுத இரண்டு வழிகள். "ஆற்றில் மூழ்கி 17 பேர் பலி" என்று எழுதலாம். "போலீஸ் தடியடியில் ஆற்றுக்குள் விரட்டப்பட்ட 17 பேர் பலி" என்றும் எழுதலாம். முதல் வாக்கியத்தில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனால் அதில் போலீஸ் இல்லை, தடி இல்லை, ஊர்வலம் இல்லை, கூலியும் இல்லை. ஆறு ஒன்றுதான் குற்றவாளி! தாமிரபரணித் தாய் வாய் திறந்து மறுக்கவா போகிறாள்?

ஆகவே, ஒரு தலைப்பைப் படித்ததும் "செய்தது யார்?" என்று தேடுங்கள். "துப்பாக்கிச் சூடு நடந்தது", "குடிசைகள் அகற்றப்பட்டன", "பதற்றம் நிலவியது" என்றெல்லாம் வருகிற இடங்களில் எழுவாய் எங்கே ஓடி ஒளிந்தது என்று பாருங்கள். அதே பத்திரிகை, தொழிலாளி கல்லெறிந்தால் மட்டும் எழுவாயைக் கொட்டை எழுத்தில் போடுகிறதா என்றும் பாருங்கள்.

இன்னொன்று, 2018 மே 22. தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாள். கலெக்டர் ஆபீசுக்குச் சென்ற ஜனங்கள் மீது போலீஸ் சுட்டது. 13 பேர் செத்தார்கள். மறுநாளே தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்யாகுமரி மூன்று ஜில்லாக்களிலும் இணையத்தை நிறுத்த சர்க்கார் உத்தரவிட்டது. அப்போது தென்காசி தனி ஜில்லா அல்ல. 2019 நவம்பரில்தான் பிரிந்தது. ஆகவே நம் கைப்பேசிகளும் ஊமையாயின. காரணம் கேட்டால் "வதந்தியைத் தடுக்க" என்றார்கள். வதந்தி நின்றதா? உண்மைச் சேதி வருகிற கதவை அடைத்தால் வதந்தி ஜன்னல் வழியாக வரும். அந்த நாட்களில் தென்காசி பஸ் ஸ்டாண்டில் நான் கேட்ட சாவு எண்ணிக்கைகளுக்குக் கணக்கே இல்லை.

அன்றைய முதலமைச்சர், இந்தச் சம்பவத்தைத் தொலைக்காட்சியைப் பார்த்துத்தான் தெரிந்து கொண்டதாகச் சொன்னார். நீதிபதி அருணா ஜெகதீசன் கமிஷன் விசாரித்தது. 2022 அக்டோபரில் அறிக்கை சட்டசபையில் வைக்கப்பட்டது. தலைமைச் செயலாளர் முதலான உயர் அதிகாரிகள் அவருக்கு அவ்வப்போது தகவல் தெரிவித்து வந்தார்கள் என்றும், ஓடிக்கொண்டிருந்த ஜனங்களைப் போலீஸ் சுட்டது என்றும் அந்த அறிக்கை கூறியது. நான்கு வருஷங்களுக்கு மேல் காத்திருந்துதான் இதை அறிய முடிந்தது.

இதிலும் நாம் நேர்மையாக இருக்க வேண்டும். அன்று கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் வாகனங்கள் எரிந்ததும் உண்மை. அதை எழுதாமல் விட்டால் நாமும் அதே தந்திரத்தைத்தான் செய்தவர்களாவோம். எரிந்த வாகனத்தையும் எழுத வேண்டும். வாகனம் எரிந்ததற்காக, ஓடுகிறவனை முதுகில் சுடலாமா என்ற கேள்வியையும் எழுத வேண்டும்.

காசுக்கு வந்த சேதி

பத்திரிகைக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? நீங்கள் கடையில் கொடுக்கும் காசு அதன் காகிதச் செலவுக்கே கட்டாது. விளம்பரம்தான் சோறு போடுகிறது. முதல் பக்கம் முழுவதும் நகைக்கடை விளம்பரம் வந்த அன்று, அதே கடையில் சிப்பந்திகளுக்கு உட்கார நாற்காலி கிடையாது என்ற சேதி நாலாம் பக்கத்தில் வருமா? யோசியுங்கள்.

2009ம் ஆண்டுத் தேர்தல்களின்போது இது இன்னும் ஒரு படி மேலே போயிற்று. வேட்பாளரிடம் பணம் வாங்கிக்கொண்டு அவர் புகழைச் சேதியாகவே அச்சிட்டார்கள். மகாராஷ்டிரத்தில் ஒரே புகழுரை போட்டிப் பத்திரிகைகள் மூன்றில் வெளிவந்ததைப் பத்திரிகையாளர் பி.சாய்நாத் அம்பலப்படுத்தினார். பிரஸ் கவுன்சில் இரண்டு பேர் கொண்ட துணைக் கமிட்டியை நியமித்தது. அந்தக் கமிட்டி பெயர்களோடு விரிவான அறிக்கையை 2010ல் கொடுத்தது. பிரஸ் கவுன்சிலோ முதலில் ஒரு சிறு சுருக்கத்தை மட்டும் வெளியிட்டது! தகவல் உரிமைச் சட்டத்தின்படி கேட்டுப் போராடிய பிறகுதான் 2011ல் முழு அறிக்கையும் வெளிவந்தது. சேதித் தொழிலின் ஊழலைப் பற்றிய சேதியே இப்படி அமுக்கப்பட்டது என்றால், மற்றதைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

பெரிய முதலாளிகள் சேதி ஸ்தாபனங்களை வாங்கி வருவதும் உங்களுக்குத் தெரிந்ததே. 2014ல் நெட்ஒர்க்18 ரிலையன்ஸ் கைக்குப் போயிற்று. 2022 டிசம்பரில் என்.டி.டி.வி.யின் பெரும் பங்கு அதானி குழுமத்தின் கைக்குப் போயிற்று. அங்கே வேலை செய்யும் நிருபர்கள் எல்லோரும் பொய்யர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்களும் கூலிக்கு உழைப்பவர்கள். அவர்களில் உயிரைப் பணயம் வைத்து உண்மையைக் கொண்டு வருகிறவர்கள் உண்டு. ஆனால் துறைமுகத்தைப் பற்றி, நிலக்கரியைப் பற்றிச் சேதி வரும்போது, அந்தத் துறைமுகத்தின் சொந்தக்காரர் யார் என்பதையும் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு படியுங்கள்.

சொந்தக்காரரை எப்படிக் கண்டுபிடிப்பது? பத்திரிகையின் அடியில், கண்ணுக்குத் தெரியாத சிறு எழுத்தில், அச்சிட்டவர், வெளியிட்டவர், ஆசிரியர், இடம் என்று ஒரு வரி இருக்கும். 1956ம் வருஷத்து விதிகளின்படி, ஒவ்வொரு ஆண்டும் பிப்ரவரி முடிந்ததும் வருகிற இதழில் சொந்தக்காரர், பங்குதாரர் பெயர்களைப் "படிவம் 4" என்ற தலைப்பில் பத்திரிகைகள் பல பத்தாண்டுகளாக வெளியிட்டு வந்தன. பழைய பத்திரிகைக் கட்டில் அதைத் தேடிப் படித்துப் பாருங்கள். சிறுகதையைவிடச் சுவையாக இருக்கும். அந்த ஒரு வரியின் அர்த்தம் என்ன? "இதற்கு நான் ஜவாப்தாரி, பொய்யானால் என்னைக் கோர்ட்டுக்கு இழுக்கலாம்" என்பதுதான். கைப்பேசியில் வருகிற கடுதாசிக்கு அந்த வரி உண்டா?

மகன் சொல்லையும் நம்பாத தாய்

அந்த வரி இல்லாத சேதி என்ன செய்யும் என்பதற்கு 2018 மே மாதமே ஒரு சாட்சி. பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருப்பதாக வாட்ஸப்பில் பரவிய வதந்தியை நம்பி, திருவண்ணாமலை ஜில்லாவில், கோவிலுக்குப் போன ஒரு அறுபத்தைந்து வயது அம்மாளை ஊர் கூடி அடித்துக் கொன்றது. குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தது ஒன்றுதான் அவள் செய்தது. அடித்தவர்கள் ரௌடிகளல்ல, நம்மைப் போன்ற பிள்ளை குட்டிக்காரர்கள்.

2023 மார்ச்சில் அது வேறு ரூபத்தில் வந்தது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளிகளை வெட்டிக் கொல்கிறார்கள் என்று வடக்கே வீடியோக்கள் பரவின. ஹிந்திப் பத்திரிகையிலும் சேதி வந்தது. உண்மை என்ன? முதலில் பரவிய வீடியோக்களில் ஒன்று பீகார்த் தொழிலாளிகளின் இரு கோஷ்டிகளுக்குள் நடந்த தகராறு. மற்றொன்று கோயமுத்தூரில் உள்ளூர்க்காரர்கள் இருவருக்குள் நடந்த சண்டை என்று தமிழ்நாடு போலீஸ் அறிவித்தது. இன்னொரு படம் பாட்னாவில் ஒரு வாடகை வீட்டில் நடித்துப் பிடித்தது என்று பீகார் போலீஸே கண்டது! பீகார் சர்க்கார் அனுப்பிய குழு இங்கே வந்து பார்த்துவிட்டுத் திருப்தி தெரிவித்தது. அதற்குள் எத்தனையோ பேர் திருப்பூரிலிருந்தும் கோவையிலிருந்தும் பயந்துபோய் ரயிலேறி விட்டார்கள்.

அந்த வாரம் தென்காசி ரோட்டில் ஒரு கட்டிட வேலை நடக்கும் இடத்துக்குப் போயிருந்தேன். சென்ட்ரிங் வேலை செய்யும் ஒரு பீகார் வாலிபன், கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு அழுது கொண்டிருந்தான். மேஸ்திரி எனக்கு விளக்கினார்: "அவுக அம்மா பேசுதாங்க, அண்ணாச்சி. இவன் நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லுதான். அவுக நம்ப மாட்டேங்காங்க. கழுத்துல கத்திய வச்சிக்கிட்டு அப்படிச் சொல்லச் சொல்லுதாங்கன்னு அழுதாங்க."

தோழர்களே, எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சொந்த மகனின் குரலைவிட, முகம் தெரியாத எவனோ அனுப்பிய வீடியோவைத் தாய் நம்புகிறாள்! அவளைக் குறை சொல்ல மாட்டேன். பயந்த மனசு கெட்டதைத்தான் முதலில் நம்பும். அவன் மறுநாள் ஊருக்குப் போய்விட்டான். அவன் சம்பாத்தியத்தில் ஒரு மாதம் போயிற்று. லாபம் யாருக்கு? வீடியோவைப் பார்த்தவர்களின் எண்ணிக்கையைக் காட்டிக் காசு பார்த்தவனுக்கு ஒரு லாபம். தமிழனையும் பீகாரியையும் மோதவிட்டுக் குளிர்காய நினைத்தவனுக்கு இன்னொரு லாபம். நஷ்டம், வழக்கம்போல, சட்டி சுமக்கிறவனுக்கு.

என் தவறு

இனி அந்த ஏச்சுக்கு வருகிறேன்.

பல வருஷங்களுக்கு முன் பக்கத்து ஊர் ஒன்றில் ஒரு பீடிக் கடையில் பெண்களுக்கு மூன்று வாரக் கூலி பாக்கி. எனக்குத் தகவல் சொன்னவர் "எரநூறு பேருக்கு இருக்கும்" என்றார். எனக்கோ ஒரே கொதிப்பு. நேரில் போகவில்லை, பாஸ் புத்தகம் ஒன்றைக்கூட வாங்கிப் பார்க்கவில்லை. அன்றிரவே "இருநூறு பெண்களின் கூலி பறிப்பு" என்று எழுதி அனுப்பிவிட்டேன். சேதி வந்தது. கடைக்காரர் பத்திரிகையைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக அதிகாரியிடம் போனார். "என்னிடம் இலையும் தூளும் வாங்குவதே எழுபது பேர்தான். இருநூறு பேருக்குப் பாக்கி என்று எழுதியிருக்கிறான் பாருங்கள். எல்லாமே இப்படிப் புளுகுதான்" என்று சாதித்துவிட்டார். பாக்கி இருந்தது உண்மையில் நாற்பது பேருக்கு. அந்த நாற்பதும் புளுகு என்றாகி, கூலி கைக்கு வர மேலும் இரண்டு மாதம் இழுத்தது.

நான் அந்தத் தெருவுக்குப் போனேன். சுளவை மடியில் வைத்து இலை வெட்டிக் கொண்டிருந்த ஒரு ஆச்சி, தலையைத் தூக்காமலே சொன்னாள்: "ஏய்யா, நாப்பது பேரு கூலியத்தானே எழுதச் சொன்னோம்? நீரு எரநூறுன்னு எழுதி, அந்த நாப்பதயும்லா போக்கடிச்சிட்டீரு!"

இருபது வருஷ அனுபவத்தில் இதைவிடப் பெரிய பாடம் எனக்கு எவரும் நடத்தவில்லை. முதலாளியின் பத்திரிகை தப்பாக எழுதினால் மறுநாள் ஒரு மூலையில் "வருந்துகிறோம்" என்று போட்டுவிட்டுப் போய்விடும். உழைப்பாளி மக்களின் பத்திரிகை ஒரு எண்ணைத் தப்பாக எழுதினால் அதன் தண்டனையை உழைப்பாளிதான் அனுபவிக்கிறான். நியாயம் நம் பக்கம் இருக்கிறது என்பதற்காகக் கணக்கைக் கூட்டி எழுதும் உரிமை நமக்குக் கிடையாது. நியாயம் நம் பக்கம் இருப்பதாலேயே, கணக்கு சரியாக இருக்க வேண்டும். அடுத்த இதழில் என் தவற்றை ஒப்புக்கொண்டு திருத்தம் எழுதினேன். எழுதும்போது கை கூசியது. ஆனால் அதன்பின்தான் அந்தத் தெருப் பெண்கள் மறுபடியும் என்னிடம் சேதி சொல்ல ஆரம்பித்தார்கள்.

நாம் செய்ய வேண்டியது

ஆகவே, நடைமுறையில் என்ன செய்வது?

முதலாவதாக, சொல்கிறவன் நேரில் பார்த்தவனா, கேட்டவனா, கேட்டவனைக் கேட்டவனா என்று பாருங்கள். "போலீஸ் தரப்பில் கூறப்படுகிறது" என்றிருந்தால், அது போலீஸ் தரப்பு, அவ்வளவுதான். அடிபட்டவர் தரப்பு எந்தப் பத்தியில் இருக்கிறது? இருக்கிறதா?

இரண்டாவதாக, ஒரே விஷயத்தை இரண்டு வேறுபட்ட ஜன்னல்களிலிருந்து படியுங்கள். ஒரு முதலாளிப் பத்திரிகை, ஒரு தொழிலாளர் பத்திரிகை. இரண்டும் ஒத்துக் கொள்கிற பகுதி அநேகமாக உண்மையாக இருக்கும். ஒன்று சொல்லி மற்றது விட்டுவிட்ட பகுதியில்தான் வேலை இருக்கிறது. ஆனால் ஒரு எச்சரிக்கை: பத்துப் பத்திரிகையில் வந்திருக்கிறது என்பது பத்துச் சாட்சியாகி விடாது. ஒரே ஏஜென்சி அனுப்பியதைப் பத்துப் பேரும் அச்சிட்டிருக்கலாம்.

மூன்றாவதாக, தலைப்பை மட்டும் படித்து நிறுத்தாதீர்கள். தலைப்பு ஒன்று சொல்லும். கடைசிப் பத்தி அதையே மெதுவாக மறுக்கும்.

நான்காவதாக, படத்தை நம்பி ஏமாறாதீர்கள். இன்று முகத்தையும் குரலையும் யந்திரமே உண்டாக்கி விடுகிறது. பழைய படத்துக்குப் புதுத் தேதி போடுவதோ அதைவிடச் சுலபம். படத்திலுள்ள கடைப் பலகை எந்தப் பாஷையில் இருக்கிறது, பஸ் நம்பர் எந்த மாகாணத்தது என்று கவனியுங்கள். வாட்ஸப் சேதியில் இரட்டை அம்புக்குறி போட்டு "பலமுறை அனுப்பப்பட்டது" என்றிருந்தால், அனுப்பியவருக்கே மூலம் தெரியாது என்று வைத்துக் கொள்ளுங்கள்.

ஐந்தாவதாக, திருத்திக் கொள்கிறார்களா என்று பாருங்கள். தவறே செய்யாத பத்திரிகை உலகத்தில் இல்லை. 2003ல் ஈராக்கில் பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாக எழுதி யுத்தத்துக்குத் தாளம் போட்ட பத்திரிகைகளில் "நியூயார்க் டைம்ஸ்" 2004 மே மாதத்தில் தன் குறைகளை ஒப்புக்கொண்டு எழுதியது. காலங்கடந்த ஞானந்தான். அதையும் செய்யாத பத்திரிகைகள் எத்தனை!

"சர்க்காரே ஒரு இலாகா வைத்து உண்மை பொய்யைச் சொல்லிவிட்டால் என்ன?" என்று ஒரு தம்பி கேட்டார். மத்திய சர்க்கார் 2023ல் அப்படி ஒரு விதி கொண்டு வந்தது; தன்னைப் பற்றிய சேதி எது பொய் என்று தானே தீர்ப்புச் சொல்ல! 2024 செப்டம்பரில் பம்பாய் ஹைக்கோர்ட் அந்த விதியை ரத்துச் செய்தது. எந்த சர்க்காரானாலும் விளக்கம் கொடுக்கட்டும், மறுப்புக் கொடுக்கட்டும், ஆதாரத்தைக் காட்டட்டும். ஆனால் தன் வழக்கில் தானே நீதிபதியாக உட்கார எந்த சர்க்காருக்கும் இடங்கொடுக்கக் கூடாது. அந்த வேலையை வாசகன்தான் செய்ய வேண்டும்.

கடைசியாக ஒரு யோசனை. இந்தப் படிப்பு வட்டத்தில் வாரம் ஒரு நாள், ஒரு சேதியை எடுத்து வைத்துக் கொள்ளுங்கள். நம் பத்திரிகையில் வந்த சேதியாகவே இருக்கட்டும். யார் சொன்னது, யாரைக் கேட்கவில்லை, எண்ணிக்கை எங்கிருந்து வந்தது என்று கூடி உட்கார்ந்து அலசுங்கள். தவறு தென்பட்டால் கூச்சப்படாமல் ஆசிரியருக்கு ஒரு கார்டு போடுங்கள். அப்படிக் கார்டு போடுகிற வாசகன் உள்ள பத்திரிகைதான் பிழைக்கும்.

நாளைக் காலையில் உங்கள் கைப்பேசி "டிங்" என்று சத்தம் போடும். அடுத்தவருக்கு அனுப்ப விரல் துடிக்கும். அந்த ஒரு நிமிஷம், சுளவோடு உட்கார்ந்திருந்த அந்த ஆச்சியை நினைத்துக் கொள்ளுங்கள். "இது நாற்பதா, இருநூறா?" என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் விரலை மடக்கிக் கொள்ளுங்கள். தெரிந்துகொள்ள வழியிருந்தால் சைக்கிளை எடுங்கள்!